இரத்தம் கொதிப்பதில்லை

'இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது மூளை. ஆகவே மனத்தைக் கட்டுப்படுத்தினால் இரத்த அழுத்தம் கட்டுப்படும்.' இவ்விரு கூற்றுகளுக்கும் நடுவே நிற்கும் அந்த 'ஆகவே'யை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். முதல் கூற்று பெருமளவு உண்மை. நூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட உடலியங்கியல் ஆய்வு அதற்குச் சாட்சி. இரண்டாவது கூற்று முதலாவதன் தோளில் ஏறி நின்று, தனக்கில்லாத உயரத்தைத் தனதாகக் காட்டிக்கொள்கிறது. இது ஆரோக்கியப் பக்கங்களோடு நின்றிருந்தால் நாம் பொருட்படுத்தியிருக்க மாட்டோம். மூளை, மனம், பிரக்ஞை என்று பேசப் புகும் நம் இலக்கியக் கட்டுரைகளிலும், நோயைப் படிமமாக்கும் நம் புனைகதைகளிலும் அது கேள்விமுறையின்றிக் குடியேறிவிட்டது. சொற்களோடு புழங்குகிறவர்கள் செய்யும் பிழைக்கு வேறு யாரோ உடலால் விலை கொடுக்க நேரும்போது, அதைச் சுட்டாமல் இருப்பது நாகரிகம் ஆகாது.

முதலில் சொற்களையே எடுத்துக்கொள்வோம். தமிழ் மக்கள் இந்நோய்க்கு வழங்கிய பெயர் 'இரத்தக் கொதிப்பு'. அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் சினமும் ஆத்திரமும் சிவந்த கண்களும் வந்து நிற்கின்றன. அநீதியைக் கண்டு இரத்தம் கொதிக்கிறது என்று மேடையில் முழங்குகிறவருக்கும், மருத்துவரின் மேஜைமுன் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு அமர்ந்திருப்பவருக்கும் ஒரே சொல். பிறகு 'பிரஷர்' வந்தது. அலுவலகத்தில் வேலைப் பிரஷர், வீட்டில் மாத்திரை போடும் பிரஷர். கூடவே 'டென்ஷன்'. 'ஹைப்பர்டென்ஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லில் உள்ள டென்ஷன் தமனிச் சுவரின்மீது விழும் இழுவிசையைக் குறிப்பது. நாம் அன்றாடம் 'டென்ஷன் ஆகாதே' என்கிறோமே, அந்த டென்ஷனுக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமைக்கு மேல் அதிக உறவில்லை. கலைச்சொல்லாக வந்த 'இரத்த அழுத்தம்' துல்லியமான பெயர்தான். ஆனால் அதன் பக்கத்திலேயே 'மன அழுத்தம்' என்ற சொல்லும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓர் அழுத்தம் பாதரச மில்லிமீட்டரில் அளக்கப்படுவது, மற்றது உவமை. ஒரே சொல் இரண்டுக்கும் பாலமானதில், உவமை அளவையை விழுங்கிவிட்டது.

இரத்த அழுத்தம் என்பது அடிப்படையில் நீரியல் விவகாரம். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், ஒரு பெண் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அத்துடன் நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்த சோதனையை 1733இல் வெளியான தம் நூலில் விவரிக்கிறார். இரத்தம் அக்குழாயில் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. கிணற்று நீரின் ஆழத்தைக் கயிறு போட்டுப் பார்ப்பது போன்ற, உணர்ச்சிக்கு இடமற்ற அளவு அது. அந்த உயரத்தைத் தீர்மானிப்பவை, இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவும், சிறு தமனிகள் அதற்குக் காட்டும் தடையும். இவ்விரண்டின்மீதும் மூளைக்கு நரம்புவழி ஆட்சி உண்டு. 1851இல் க்ளோட் பெர்னார்ட் முயலின் கழுத்தில் ஓடும் பரிவு நரம்பை வெட்டியபோது, அந்தப் பக்கத்துக் காது மட்டும் வெப்பமுற்றது. இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருந்த கை விலகிவிட்டது என்பது பிற்பாடு புரிந்தது.

அந்தக் கை எங்கிருந்து நீள்கிறது? இக்கேள்விக்கு விடை கண்டது கார்ல் லுட்விக்கின் லைப்சிக் ஆய்வுக்கூடம். அங்கே 1871இல் ஒவ்ஸ்யானிகோவும், 1873இல் டிட்மாரும், விலங்குகளின் மூளையை மேலிருந்து கீழாகப் படிப்படியாகத் துண்டித்துக்கொண்டே வந்து அழுத்தத்தைப் பதிவு செய்தனர். பெருமூளை துண்டிக்கப்பட்டது, அழுத்தம் நின்றது. இன்னும் கீழே போனார்கள், அப்போதும் நின்றது. முகுளத்தை நெருங்கும் பகுதியைக் கத்தி தொட்டபோதுதான் அது சரியத் தொடங்கியது. நம் கட்டுரையாளர்கள் இந்த ஒரு சோதனையை மட்டுமாவது மனத்தில் இருத்திக்கொண்டிருந்தால் எவ்வளவோ மை மிச்சமாகியிருக்கும். நினைவும் கவலையும் பகையும் குடியிருக்கும் மாடிகள் யாவும் இடிக்கப்பட்ட பிறகும், அடித்தளத்தில் ஒரு காவலாளி தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரத்த அழுத்தத்தைக் காக்கும் மூளை இதுதான். தியானத்தில் அமர்கிற மூளையும், கவிதை எழுதுகிற மூளையும் இதற்குப் பல மாடிகள் மேலே இருக்கின்றன.

அந்தக் காவலாளியின் வேலைமுறை எளிமையும் அழகும் கொண்டது. கழுத்தில் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், மகாதமனியின் வளைவிலும், சுவர் விரிவதை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் ஏறினால் சுவர் விரிகிறது. செய்தி ஒன்பதாம், பத்தாம் மூளை நரம்புகள் வழியே முகுளத்தை அடைகிறது. முகுளம் வேகஸ் நரம்பின் மூலம் இதயத்தை மெதுவாக்குகிறது; பரிவு நரம்புகளைத் தளர்த்திக் குழாய்களை விரியச் செய்கிறது. அழுத்தம் இறங்கினால் எல்லாம் தலைகீழ். நாற்காலியிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களையும் வயிற்றையும் நோக்கி இறங்குகிறது. நாம் மயங்கி விழாதிருப்பது, ஓரிரு இதயத் துடிப்புகளுக்குள் முகுளம் செய்துவிடும் கணக்கினால். இதில் நம்முடைய சம்மதம் கேட்கப்படுவதில்லை. நமக்குத் தெரிவிக்கப்படுவதும் இல்லை.

மேல்மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தொடர்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அச்சமும் கோபமும், ஏன், மனக்கணக்குப் போடுவதும்கூட ஹைபோதலாமஸ் வழியே முகுளத்தை எட்டி அழுத்தத்தை ஏற்றும். 1983இல் இத்தாலிய மருத்துவர் ஜூசெப்பே மான்சியா குழுவினர், நோயாளிகளின் தமனிக்குள்ளேயே அழுத்தத்தைத் தொடர்ந்து பதிவு செய்தபோது, மருத்துவர் அருகில் வந்த சில நிமிடங்களுக்குள் மேல் அளவு சராசரியாக 27 மில்லிமீட்டர் ஏறியதைக் கண்டார்கள். ஏறியது உண்மை. மருத்துவரின் வருகை முடிவதற்குள்ளேயே அது இறங்கத் தொடங்கியதும் உண்மை. அலை உண்டு என்பதைக் காட்டிவிட்டால் கடலின் மட்டம் உயர்ந்தது நிரூபணமாகிவிடுமா? நம் விவாதம் அலையைப் பற்றியது அல்ல.

மட்டத்தைப் பற்றி அறிய 1973ஆம் ஆண்டுக்கு வரவேண்டும். அமெரிக்காவில் கௌலி, லியார்ட், கைடன் மூவரும் நாய்களில், முன்சொன்ன உணர்முனைகளிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்தார்கள். அழுத்தம் தறிகெட்டு ஏறி இறங்கியது. நாய் நின்றால் ஒன்று, படுத்தால் வேறொன்று. ஆனால் இருபத்து நான்கு மணி நேரச் சராசரியை எடுத்தால், அது இயல்பான நாயின் சராசரியிலிருந்து பெரிதாக விலகவில்லை. அனிச்சைச் செயல் அலைகளை அடக்குகிறது. நெடுநாளைய மட்டத்தை நிறுவுவதில் சிறுநீரகமும் உப்பும் பெரும்பங்கு வகிக்கின்றன என்ற கைடனின் கொள்கைக்கு அது வலுச் சேர்த்தது. மூளைக்கு நெடுநாள் பங்கே இல்லை என்று அந்தப் பள்ளி சொன்னபோது அதுவும் ஒருபக்கச் சாய்வுதான். சிறுநீரகத்துக்கும் பரிவு நரம்புகள் செல்கின்றன. உடற்பருமனிலும், உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோயிலும் அந்நரம்புகளின் துடிப்பு இடைவிடாமல் மிகுந்திருக்கிறது. அந்த மனிதர்கள் யாரும் 'டென்ஷன்' என்று சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். முகுளம் விழித்திருக்கிறது.

நம் வாதத்தின் மையம் இன்னொரு கண்டுபிடிப்பில் இருக்கிறது. 1956இல் மக்கப்பின், கிரீன், பேஜ் ஆகியோர், நெடுநாள் உயர் அழுத்தம் உள்ள நாய்களில் அந்த உணர்முனைகளைச் சோதித்தார்கள். உயர்ந்த அழுத்தத்தைக் கண்டு அவை ஓயாமல் அலறிக்கொண்டிருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். அவை அலறவில்லை. தம் அளவுகோலை உயர்ந்த மட்டத்துக்கு மாற்றிக்கொண்டு, அதையே இயல்பெனக் கருதி அமைதியாக இருந்தன. அதாவது, இந்நோயில் காவலாளி காவலைக் கைவிடுவதில்லை. தவறான மட்டத்தைச் சரியானதென நம்பி, அதே விசுவாசத்தோடு காக்கிறார். இறக்க முயன்றால் தடுக்கிறார்.

எனில், 'கொதிப்பு' என்ற நம் படிமம் உண்மைக்கு நேரெதிரானது. உயர் இரத்த அழுத்தம் உடலுக்குள் நடக்கும் கலகம் என்று நாம் எழுதிவருகிறோம். அது உண்மையில் ஒரு சமாதான ஒப்பந்தம். பிழையோடு செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தம். அதனால்தான் பெரும்பாலோருக்கு அதில் எந்த உணர்வும் இல்லை. தலைவலி இல்லை, படபடப்பு இல்லை, முகம் சிவப்பதில்லை. 'எனக்குப் பிரஷர் ஏறினால் உடனே தெரிந்துவிடும்' என்று அடித்துச் சொல்கிறவர்கள் தங்கள் பதற்றத்தை அறிகிறார்கள், அழுத்தத்தை அறிவதில்லை.

அமைதியான முகத்துக்கும் தமனியின் நிலைக்கும் உள்ள தூரத்தை அறிய ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் பார்க்கலாம். பொருளாதாரப் பெருமந்தத்தையும் உலகப் போரையும் மலர்ந்த முகத்தோடும் வேடிக்கைப் பேச்சோடும் எதிர்கொண்டவர் என்று பேரெடுத்த அமெரிக்க அதிபர். 1941இல் அவர் அழுத்தம் 188/105. 1944 மார்ச்சில் இளம் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் அவரைப் பரிசோதித்தபோது 186/108. இதயம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. அக்கால மருத்துவம் தரக்கூடியதெல்லாம் தரப்பட்டது: ஓய்வு, உப்புக் குறைந்த உணவு, எடைக் குறைப்பு, டிஜிட்டாலிஸ், மனத்தை மந்தப்படுத்தும் பெனோபார்பிடால். கவனியுங்கள், இன்று 'மனமே மருந்து' என்போர் பரிந்துரைப்பதில் பெரும்பகுதி அந்தப் பட்டியலில் இருக்கிறது. 1945 ஏப்ரல் 12 அன்று, கடும் தலைவலி என்று சொல்லிச் சாய்ந்த அவரின் அழுத்தம் 300/190. மூளையில் இரத்தப்பெருக்கு. அன்றே இறந்தார். புரூயன் 1970இல் இவற்றையெல்லாம் மருத்துவ இதழொன்றில் பதிவு செய்தார். அமைதியும் ஓய்வும் போதுமென்றால், ஓர் அதிபருக்குக் கிடைத்ததைவிட அதிகமாக அவை யாருக்குக் கிடைத்துவிடப் போகின்றன?

அந்த மரணத்துக்கு வெகு முன்பே நம் நாட்டில் வேறொரு கதை தொடங்கியிருந்தது. சர்ப்பகந்தி வேர் சித்தக் கலக்கத்தையும் உயர் இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 1931இல் எழுதினார்கள். பம்பாயில் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் அதை நோயாளிகளிடம் முறைப்படி சோதித்து, 1949இல் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் விழித்துக்கொண்டது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஒரே வேர் மனத்தையும் அடக்கியது, அழுத்தத்தையும் அடக்கியது என்பதால், மனம் அடங்கியதால்தான் அழுத்தம் அடங்கியது என்று முடிவு கட்டுவது எளிது. அது பிழை. ரெசர்பின் மூளையில் மட்டுமன்றி, உடலெங்கும் உள்ள பரிவு நரம்பு முனைகளிலும் நோர்அட்ரினலின் சேமிப்பைக் காலி செய்கிறது. அதே காலத்தில் பயன்பாட்டுக்கு வந்த ஹெக்சாமெத்தோனியம் மூளைக்குள் எளிதில் நுழையாதது. மனத்தை அமைதிப்படுத்தாமலேயே, வழியிலுள்ள நரம்பு முடிச்சுகளைத் தடுத்து அழுத்தத்தைச் சரித்தது.

மூளையை உண்மையிலேயே குறிவைக்கும் மருந்துகளும் உண்டு. குளோனிடின் என்பதை 1962இல் ஜெர்மனியில் மூக்கடைப்புக்கான சொட்டு மருந்தாகத்தான் சோதித்தார்கள். சளி பிடித்திருந்த ஒரு பெண் உதவியாளருக்குக் கொடுத்தபோது, அவர் ஒரு முழு நாள் தூங்கிப்போனார். நாடியும் அழுத்தமும் தாழ்ந்தன. அது மூளைத்தண்டில் வேலை செய்து பரிவு நரம்புகளின் வீச்சைக் குறைக்கிறது என்பது பிறகு தெரியவந்தது. இன்றும் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் மெத்தில்டோபாவும் மூளைவழி செயல்படுவதே. மூளைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு நாம் பேசும் எந்தத் தத்துவத்தையும்விடத் துல்லியமாக இம்மாத்திரைகளில் பொதிந்திருக்கிறது. குளோனிடினைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் பழைய மட்டத்தையும் தாண்டி எகிறும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மாத்திரைகளால் என்ன பயன் என்று கேட்போருக்கு 1967ஆம் ஆண்டின் விடை இருக்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில் பாதிப்பேருக்கு மருந்தும் மீதிப்பேருக்கு வெறும் மாத்திரையும் தரப்பட்டன. வெறும் மாத்திரை பெற்றவர்களில் நால்வர் இறந்தனர். மருந்து பெற்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. கொடுக்கப்பட்ட மூன்று மருந்துகளில் ஒன்று நம் சர்ப்பகந்தியின் ரெசர்பின். நம் பாரம்பரியத்தைக் கொண்டாட விரும்புவோர் கொண்டாட வேண்டிய இடம் இது. ஒரு வேர், அளவைக்கு உட்பட்டு, ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டு, உயிர் காத்த இடம்.

எதிர்த்தரப்பின் வலிமையான சான்றை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. இத்தாலியில் மாரியோ திமியோ குழுவினர் 144 கன்னியாஸ்திரீகளை, அதே பகுதியில் வாழ்ந்த 138 பெண்களோடு ஒப்பிட்டு, முதலில் இருபது ஆண்டுகளும் பின்னர் முப்பது ஆண்டுகள் வரையும் தொடர்ந்தார்கள். வெளியே வாழ்ந்த பெண்களின் அழுத்தம் வயதோடு ஏறியது. மடத்துக்குள் வாழ்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ஏறவில்லை. முதல் இருபதாண்டு முடிவு 1988இல் வெளிவந்தது. இது பெறுமதியான ஆய்வு. ஆனால் அது எதைச் சொல்கிறது? மௌனமும் ஒழுங்கும் பொருளாதாரக் கவலையின்மையும் கொண்ட ஒரு முழு வாழ்க்கை முறை, பல பத்தாண்டுகளில், ஒரு கூட்டத்தின் சராசரியை மாற்றக்கூடும் என்கிறது. இருபது நிமிட மூச்சுப் பயிற்சி, ஏற்கெனவே அளவுகோல் மாறிவிட்ட ஒருவரின் மாத்திரைக்கு மாற்று என்று அது சொல்லவில்லை. அந்த மடத்தின் வாழ்வை வாடகை வீட்டில், இரவுப்பணியில், கடனில் இருப்பவருக்கு யார் எழுதித் தருவது? அமைதி தேவையென்று உண்மையிலேயே நம்புகிறவர்கள் கூலியையும் வேலை நேரத்தையும் பற்றிப் பேசட்டும். நோயாளியின் குணத்தைப் பற்றிப் பேசவேண்டாம்.

தியானத்தால் அழுத்தம் சில மில்லிமீட்டர் குறையலாம். செய்கிறவர்கள் செய்யட்டும், மாத்திரையோடு செய்யட்டும். 'எனக்கு இருபது குறைந்தது' என்ற அனுபவச் சாட்சியங்களை மட்டும் நம் பக்கங்களில் ஆதாரமாக அச்சிட வேண்டாம். காரணம் 2014இல் கிடைத்தது. சிறுநீரகத்துக்குச் செல்லும் நரம்புகளைத் தமனி வழியே சுட்டுச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சையை, ஒரு பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் மேல் அளவு சுமார் 14 குறைந்தது. எதுவுமே செய்யப்படாமல், செய்யப்பட்டதாக நம்பியவர்களுக்குச் சுமார் 12 குறைந்தது! மேலும் செம்மையான சோதனைகளுக்குப் பிறகே 2023இல் அமெரிக்காவில் அச்சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைத்தது. ஒப்பீடு இல்லாத சாட்சியம் எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

இப்போது, இலக்கியப் பக்கத்தில் இதை ஏன் எழுதுகிறோம் என்று கேட்கலாம். உலகில் இந்நோயுள்ளோரில் ஐவரில் ஏறக்குறைய நால்வரின் அழுத்தம் கட்டுக்குள் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வயதுவந்தோருக்கு அது இருப்பதாக 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு காட்டியது. மருந்துக் கடையின் தூரம், விலை, மறதி என இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று கதையாடல். 'கோபக்காரர்களுக்கு வருவது' என்ற கதையாடல் நோயைக் குணக்கேடாக்குகிறது. சாந்தமானவர் தனக்கு வராது என்று அளந்தே பார்ப்பதில்லை. 'மனம் சரியானால் சரியாகும்' என்ற கதையாடல், மனம் சரியாகிவிட்டதாக உணர்ந்த நாளில் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறது. கொதிப்பு அடங்கிவிட்டது என்று நினைக்கிறார். கொதிப்பு எப்போதும் இருக்கவில்லை என்பதை அவருக்கு எந்தக் கதையும் சொல்லவில்லை. நம் புனைவுகளில் தந்தைகள் மகனோடு சண்டையிட்டு, பிரஷர் ஏறி, நெஞ்சைப் பிடித்துச் சரிகிறார்கள். எந்தச் சண்டையும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் துலக்கும்போது வலக்கை தளர்ந்து, 'தண்ணீர்' என்ற சொல் கிடைக்காமல் நிற்கிற தந்தையை நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

இந்நோய் தாக்கும் இடங்களில் முதன்மையானது அதே மூளைதான். தவறான மட்டத்தைக் காத்த காவலாளியின் மேல்மாடிகளில் நுண்தமனிகள் ஒவ்வொன்றாய் அடைபடுகின்றன அல்லது வெடிக்கின்றன. பக்கவாதம் ஒரே நாளில் மொழியைப் பறிக்கும். நுண்சேதம் பல ஆண்டுகளில் நினைவைக் கரைக்கும். மேல் அளவை 140க்குக் கீழ் என்பதற்குப் பதிலாக 120க்குக் கீழ் வைக்க முயன்றவர்களுக்கு லேசான அறிவுத்திறன் குறைபாடு 19 விழுக்காடு குறைவாக ஏற்பட்டதாக 2019இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மனத்தைக் காப்பாற்ற அழுத்தத்தைக் குறைக்கவேண்டும் என்பதற்கே சான்று வலுவாக இருக்கிறது. நம் கட்டுரையாளர்கள் வாக்கியத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. 'இரத்தக் கொதிப்பு' என்ற சொல்லை நோயின் பெயராக எழுதுவதை நிறுத்துவோம். அது அறச்சீற்றத்துக்கு மட்டும் உரியதாக இருக்கட்டும். 'மன அழுத்தம்' என்று எழுத வரும் இடத்தில் உளைச்சல், மனச்சோர்வு, நெருக்கடி, பதற்றம் என்று தமிழில் ஏற்கெனவே உள்ள சொற்களில் பொருந்துவதைத் தேர்வோம். எழுத்தாளனுக்கு இது கூடுதல் வேலை இல்லை, அவனுடைய வேலையே இதுதான். மூளை என்று எழுதும்போது எந்தத் தளத்து மூளை என்று ஒருகணம் யோசிப்போம். பிரக்ஞையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், பிரக்ஞைக்கு எட்டாமல் நம்மை நிமிர்ந்து நிற்கவைக்கும் முகுளத்துக்கு ஒரு வரியாவது ஒதுக்குவோம். முப்பது வயதைத் தாண்டிய வாசகர் ஒவ்வொருவரும், எவ்வளவு சாந்தமானவராயினும், கையில் பட்டையைச் சுற்றி ஒருமுறை அளந்து பார்க்கட்டும். அந்த எண் உங்கள் குணத்தைப் பற்றி எதையும் சொல்லாது. அதனால்தான் அதை நம்பலாம்.